படகில் ஒரு தலையணை



ஆண்டின் பொதுக்காலம் 12ஆம் ஞாயிறாகிய இன்று, மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்திலிருந்து, இயேசு கடலை அடக்கிய நிகழ்ச்சியைக் கேட்டோம். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நாம் காற்றைப் பற்றியும் அலையைப் பற்றியும் பேசுவோம். சீடர்களின் அச்சத்தைப் பற்றியும், ஆண்டவரின் ஒரு சொல்லுக்குக் கடல் பணிந்ததைப் பற்றியும் பேசுவோம். இன்றைக்கு நான் பேச விரும்புவது அந்தப் படகில் கிடந்த ஒரு தலையணையைப் பற்றி.

மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்கள். படகில் இயேசு தூங்கினார் என்று அவர்களும் சொல்லுகிறார்கள். ஆனால் படகின் பின்பக்கத்தில், தலையணை வைத்துத் தூங்கினார் என்று எழுதியவர் மாற்கு ஒருவர்தான். படகில் போய்ப் பழகியவர்களுக்கு இதன் பொருள் தெரியும். ஈரமும் கயிறும் வலையுமாகக் கிடக்கும் இடத்தில், தலைக்கு ஏதோ ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் படுக்கிறார் என்றால், கண்ணை மீறி வந்த தூக்கம் அல்ல அது. தூங்க வேண்டும் என்று தீர்மானித்துப் படுத்த தூக்கம்.

அன்றைக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதே அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கரையில் பெருங்கூட்டம். படகில் ஏறி உட்கார்ந்து, விதைப்பவர் உவமையும் கடுகு விதை உவமையும் சொல்லிக் கற்பித்துக்கொண்டே இருந்தார். மாலையானதும் அக்கரைக்குப் போவோம் என்றார். சீடர்கள் அவரை இருந்தபடியே அழைத்துக்கொண்டு போனார்கள். இன்னும் எத்தனையோ பேர் குணம் பெறக் காத்திருந்தார்கள். எத்தனையோ ஊர்கள் நற்செய்தி கேட்காமல் இருந்தன. ஆனாலும் உலகத்தை மீட்க வந்தவர், அன்றைய வேலையை அன்றோடு நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார். மனிதராகப் பிறந்த இறைமகன் பசியை ஏற்றுக்கொண்டார், தாகத்தை ஏற்றுக்கொண்டார், உறக்கத்தையும் ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொண்ட எதையும் நாம் இழிவாக எண்ணக் கூடாது.

முதல் வாசகத்தில், கடலுக்குக் கதவு வைத்து எல்லை குறித்தவர் யார் என்று ஆண்டவர் யோபுவிடம் கேட்பதைக் கேட்டோம். கடலுக்கு எல்லை குறித்தவர்தான் பகலுக்கும் எல்லை குறித்தார். தொடக்கநூலில் படைப்பின் ஒவ்வொரு நாளையும் எண்ணும்போது முதலில் மாலை வருகிறது, பிறகுதான் காலை வருகிறது. யூத மக்களுக்குக் கதிரவன் மறையும்போதுதான் நாள் பிறக்கிறது. அப்படியானால் ஒரு நாளில் மனிதன் செய்யும் முதல் காரியமே உறங்குவதுதான். அவன் உறங்கும்போது கடவுள் வேலையைத் தொடங்கிவிடுகிறார். அவன் எழுந்து வந்து அதில் சேர்ந்துகொள்கிறான். நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம். எல்லா வேலையும் முடிந்து, எல்லாப் பேச்சும் முடிந்து, கையிலுள்ள போனையும் பார்த்து முடித்தபின் மிஞ்சுவதை உறக்கத்துக்குக் கொடுக்கிறோம்.

இதைப் பேசுவதற்கு முன் உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் குருவான புதிதில் ஒரு கடற்கரைப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒரு ஞாயிறு காலைப் பூசையில், மறையுரை நடந்துகொண்டிருக்கும்போது ஓர் இளைஞர் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் பேச்சை நிறுத்தினேன். பக்கத்தில் இருந்தவரிடம் அவரை எழுப்பச் சொன்னேன். ஆண்டவரின் இல்லத்தில் தூங்குகிறவனுக்கு வாழ்க்கையில் என்ன அக்கறை இருக்கும் என்று எல்லார் முன்பும் கேட்டேன். பூசை முடிந்ததும் அவருடைய தாய் வந்து நின்றார். "சாமி, அவன் ராத்திரி முழுக்கக் கடல்ல கெடந்தான். கரைக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாம நேரா பூசைக்கு வந்துட்டான்" என்றார். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நற்கருணை வாங்க அந்த இளைஞர் நீட்டிய கையில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உறக்கத்தைச் சோம்பலோடு சேர்த்துப் பேசுவதை அன்றோடு விட்டேன்.

அன்பார்ந்தவர்களே, நாம் உறங்கும்போது உடல் சும்மா கிடப்பதில்லை. பகல் முழுவதும் ஓடிய இதயம் அப்போதுதான் சற்று நிதானிக்கிறது. உடல்நலம் உள்ளவருக்கு இரவுத் தூக்கத்தில் இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்குகிறது. இரத்தக் குழாய்களுக்கு அந்த நேரம்தான் ஓய்வு. தூக்கத்தை வெட்டினால் அந்த ஓய்வையும் வெட்டுகிறோம். வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில்தான் சுரக்கிறது. பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பத்திரப்படுத்துவதும் அந்த நேரத்தில்தான். இரவு முழுக்க விழித்துப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகும் பிள்ளை, அறுத்த கதிரைக் களத்திலேயே மழையில் விட்டுவிட்டு வருகிறது.

1999ஆம் ஆண்டில் சிகாகோவில் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல உடல்நலமுள்ள 11 இளைஞர்களை, இரவுக்கு 4 மணி நேரம் வீதம் 6 இரவுகள் மட்டும் தூங்க விட்டார்கள். உணவுக்குப் பிறகு இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் அந்த இளைஞர்களுக்கு வெகுவாகக் குறைந்துபோனது. ஆறே இரவுகள்தான். நம் வீடுகளில் இது ஆறு ஆண்டு, பதினாறு ஆண்டு என்று நடக்கிறது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் சொன்னது. அரிசியைக் குறை, நடைப்பயிற்சி செய் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். நேரத்துக்குத் தூங்கு என்று சொல்ல மறந்துவிடுகிறோம்.

இங்கிலாந்தில் அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 8,000 பேரை 25 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 50, 60 வயதுகளில் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிடப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்க இதயச் சங்கம், இதயத்தைக் காக்கும் பழக்கங்கள் என்று முன்பு ஏழைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. 2022இல் உறக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். இவை மருத்துவர்கள் கூடி ஆய்ந்து சொன்ன அளவுகள்.

உங்களில் சிலர் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. "விழித்திருங்கள் என்று ஆண்டவரே சொல்லவில்லையா? கெத்சமனித் தோட்டத்தில் தூங்கிய சீடர்களைக் கடிந்துகொள்ளவில்லையா? சோம்பேறியைப் பார்த்து, எறும்பிடம் போய்க் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் சொல்லவில்லையா?" உண்மைதான். ஆனால் நீதிமொழிகள் கண்டிப்பது, எழ வேண்டிய நேரத்தில் எழாதவனை. உழைத்துக் களைத்தவனை அது கண்டிக்கவில்லை. கெத்சமனியில் சீடர்கள் துயரத்தால் சோர்ந்து உறங்கினார்கள் என்று லூக்கா பரிவோடு எழுதுகிறார். ஆண்டவரும் அவர்களுடைய உடலின் வலுவின்மையை அறிந்தே பேசினார். விழிப்பு வேறு, தூக்கமின்மை வேறு. நன்றாக உறங்கியவன்தான் விழிப்பாக இருக்க முடியும். உறங்காதவன் கண் திறந்திருந்தாலும் விழித்திருப்பதில்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவர், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரைப் போலத் தடுமாறுகிறார் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வண்டி ஓட்டுகிறவருக்கு நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். இப்போது கணக்குப் பாருங்கள். நம் தூத்துக்குடியில் விசைப்படகு காலை 5 மணிக்குப் புறப்பட வேண்டும் என்றால், ஆட்கள் 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இரவு 9 மணிக்குக் கரை சேர்ந்து, மீனை இறக்கிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் எழுந்து 18 மணி நேரம் கடந்துவிட்டது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர், குடித்தவர் நிலையில் வண்டி ஓட்டுகிறார். உப்பளத்துக்கு இருட்டோடு கிளம்பும் நம் சகோதரிகளும், இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பிள்ளைகளும் இதே நிலையில்தான் சாலையில் வருகிறார்கள்.

தடைக்காலம் முடிந்து இப்போதுதான் விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்கு ஓய்வு கொடுத்தோம். எதற்காக? மீன் இனம் பெருகுவதற்காக. ஓய்வு கொடுக்காவிட்டால் கடலும் வற்றிப்போகும் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறிவை நம் உடலுக்கும் வைப்போம். ஒவ்வொரு நாளும் உடலுக்கு ஒரு தடைக்காலம் உண்டு. அது ஏழு மணி நேரம்.

இதை அவரவர் தனிப் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. திருவிவிலியத்தில் உறக்கத்தைக் காக்க ஒரு சட்டமே இருக்கிறது. விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரத்திலும் இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்திலும் அதைக் காணலாம். ஓர் ஏழை கடன் வாங்கும்போது தன் மேலாடையை அடகு வைத்தால், பொழுது சாயுமுன் அதை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏன் தெரியுமா? இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு எதுவும் இல்லை. அவன் எதைப் போர்த்தித் தூங்குவான் என்று கடவுளே கேட்கிறார். கடன் கொடுத்தவனுக்குப் பணத்தின்மேல் உரிமை உண்டு. ஆனால் ஏழையின் இரவின்மேல் அவனுக்கு உரிமை இல்லை. இதைவிட அழகாக உறக்கத்தின் மாண்பை யார் சொல்ல முடியும்? பிறர் தூக்கத்தைப் பறிப்பது, அந்த மேலாடையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதற்குச் சமம்.

நம் வீடுகளில் இந்த மேலாடை யாரிடமிருந்து பறிக்கப்படுகிறது? நம் தாய்மாரிடமிருந்து. மனைவியரிடமிருந்து. கடைசியாகச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கடைசியாகப் படுக்கிறவர் அவர். கடலுக்குப் போகிறவருக்குக் கட்டுச்சோறு கட்ட முதலில் எழுகிறவரும் அவர். விடிவதற்குள் கூடையோடு ஏலக்கூடத்தில் நிற்கிறவரும் அவர்தான். அந்தத் தாய் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று வீட்டில் யாராவது கேட்டிருக்கிறோமா? ஆண்களே, வளர்ந்த பிள்ளைகளே, இரவுப் பாத்திரத்தை நீங்கள் கழுவினால் அவருக்கு அரை மணி நேரத் தூக்கம் கூடும். அதுவும் ஒரு காணிக்கைதான்.

படகு உரிமையாளர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் இஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுகிறீர்கள், ஓய்வு கொடுக்கிறீர்கள். வேலையாட்களை முறை வைத்து மாற்றி அனுப்புங்கள். நேற்று இரவு பத்து மணிக்கு வீடு திரும்பியவரை இன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பாதீர்கள். இரவு ஷிப்டு வைத்திருக்கும் கம்பெனிகளில் அதிகாரிகளாக இருக்கிற நம் மக்களுக்கும் இதையே சொல்லுகிறேன். இரவு வேலை உடலின் கடிகாரத்தைக் குலைப்பதால், அது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றில் ஒன்று என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அறிவியலாளர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். படைத்தவர் உள்ளே வைத்த கடிகாரம் அது. பகலில் தூங்க வேண்டியவர்களின் வீட்டில் சன்னலை மூடி இருட்டாக்கிக் கொடுங்கள். பிள்ளைகளின் சத்தத்தையும் டி.வி.யையும் குறையுங்கள்.

தூக்கம் வராமல் தவிப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கடன் கவலை, மகளின் திருமணக் கவலை, கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் நினைவு என்று எத்தனையோ. உங்களை நான் குறை சொல்லவில்லை. எலியா இறைவாக்கினரை நினைத்துக்கொள்ளுங்கள். அரசி ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு சூரைச் செடியின் அடியில் விழுந்து, இனி உயிர் வேண்டாம் என்று மன்றாடினார். கடவுள் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. அவரைத் தூங்க விட்டார். வானதூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் உணவு கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் பயணம். உடைந்துபோன மனிதருக்குக் கடவுள் செய்த முதல் மருத்துவம் உறக்கமும் உணவும்தான். வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள். விசுவாசம் குறைந்ததற்கு அது அடையாளம் அல்ல. மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும் என்று நம்பாதீர்கள். மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். உரத்த குறட்டைக்கு நடுவே ஒருவருக்கு மூச்சு நின்று, திணறித் திணறி மறுபடி வருவதைக் கண்டால், அதைக் கேலி பேசாதீர்கள். அது நோய். இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் கெடுக்கும் நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது, தம் மேசையில் தூங்குகிற சூசையப்பர் சுரூபம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஏதாவது சிக்கல் வந்தால் அதை ஒரு தாளில் எழுதி அந்தச் சுரூபத்துக்கு அடியில் வைப்பாராம். சூசையப்பர் உறங்கும்போதுதான் கடவுளின் சொல் அவருக்கு வந்தது. எழுந்ததும் அவர் உடனே செயல்பட்டார். மரியாவை ஏற்றுக்கொண்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். நம்மில் பலர் கவலையைத் தாளில் எழுதி வைப்பதில்லை. தலையணைக்கு மேலே, தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுக்கிறோம்.

உறக்கம் ஒரு விசுவாசச் செயல். கண்ணை மூடும் ஒவ்வொரு இரவும், உலகத்தை நடத்துவது நானல்ல என்று அறிக்கையிடுகிறோம். விடியுமுன் எழுந்து நள்ளிரவு வரை உழைப்பதால் மட்டும் வீடு கட்டப்படுவதில்லை, தம் அன்பருக்கு ஆண்டவர் உறக்கத்தைக் கொடையாகத் தருகிறார் என்று 127ஆம் திருப்பாடல் கற்பிக்கிறது. நம்மைக் காப்பவருக்கு உறக்கமே இல்லை என்று 121ஆம் திருப்பாடல் உறுதி தருகிறது. அவர் விழித்திருக்கிறார், அதனால் நாம் தூங்கலாம்.

இந்த வாரம் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, குடும்பச் செபத்தை இரவு 8 மணிக்கே முடியுங்கள். செபம் முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லாப் போன்களையும் பீடத்துக்கு முன்னால் வைத்துவிடுங்கள். காலையில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, மூன்று மணிக்கு எழ வேண்டியவர்கள் எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். அது முடியாத நாள்களில் பகலில் சிறிது நேரமாவது கண்ணயருங்கள். அவர்கள் தூங்கும்போது மற்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசுங்கள். மூன்றாவது, இந்த வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் வீட்டில் மிகக் குறைவாகத் தூங்குகிறவர் யார் என்று பார்த்து, அவருடைய வேலையை நீங்கள் செய்யுங்கள்.

நானும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வரும் பங்குத் திருவிழாவில் நம் கோயில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு அணைக்கப்படும். காலை 6 மணிக்கு முன்னால் போடப்படாது. சட்டமும் அதையே சொல்லுகிறது. சட்டத்துக்காக மட்டும் அல்ல, நோயாளிகளுக்காகவும் கைக்குழந்தைகளுக்காகவும் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்களுக்காகவும் அணைப்போம். அன்பியக் கூட்டங்களும் இரவு 8 மணிக்கு மேல் நீளாது. இனி பூசையில் யாராவது களைத்துத் தூங்கிவிட்டால், அவரை யாரும் உலுக்கி எழுப்ப வேண்டாம். ஆண்டவரும் தம் சீடர்களின் படகில் தூங்கியவர்தான்.

இன்று இரவு படுக்கும் முன், படகில் தலைசாய்த்த இயேசுவை நினைத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, "ஆண்டவரே, இந்த நாளை உம்மிடம் ஒப்படைக்கிறேன், மீதியை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லுங்கள். விளக்கை அணையுங்கள். நிம்மதியாகத் தூங்குங்கள். ஆமென்.